கறுப்பு வெள்ளையில் ஒரு பூநாரைக் கூட்டம்

டாக்டர் நெஞ்சுப் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வலது நுரையீரலில் இருந்த வெள்ளைத் திட்டை விரலால் காட்டினார். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி, சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டு, "நெகட்டிவ் நல்லா வந்திருக்குங்க, எக்ஸ்போஷர் சரியா இருக்கு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. காச நோய்க்கு ஊசி வந்துவிட்டிருந்த காலம்; முன்னைப்போல் பயப்பட வேண்டியதில்லை, குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஊசி, மாத்திரை, பால், முட்டை, ஓய்வு. கடலோரமாக எங்காவது கொஞ்ச காலம் இருந்தால் நல்லது. கடைசியாக ஒன்று சொன்னார். ஒரு வருஷத்துக்கு டார்க் ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. காற்றில்லாத அறையில் மருந்து நெடியைச் சுவாசித்துக்கொண்டு நிற்பது இந்த நெஞ்சுக்கு ஆகாது.

நோயைக் கேட்டபோது மாறாத அவர் முகம் அப்போதுதான் மாறியது.

அறந்தாங்கியில் எங்களுக்கு ஸ்டூடியோ இருந்தது. கல்யாண ஜோடி, பாஸ்போர்ட் அளவு, மொட்டையடித்துக் காது குத்திய குழந்தை, மலேயாவுக்குக் கப்பலேறப் போகிறவர்கள். படம் எடுப்பதும் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவர். டச்சிங் என் வேலை. சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்திலிருக்கும் அம்மைத் தழும்பை, கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைத் தொட்டுத் தொட்டு இல்லாமல் ஆக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் எத்தனையோ பெண்களுக்கு வரன் அமைந்ததில் என் பென்சிலுக்கும் பங்குண்டு. ஆனால் கேமராவின் பொத்தானை நான் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அழுத்தத் தோன்றியதும் இல்லை.

ஸ்டூடியோவை என் கொழுந்தனார் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. நாங்கள் மீமிசலுக்குப் போனோம். அங்கே ஒரு ராவுத்தர் வீட்டில் பின்கட்டு காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவருடைய கணவர் பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை. நோய் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று மூட்டையைக்கூட இறக்காமல் நின்றோம்.

"ஊசி போடுறாகள்ல? பெறகென்ன. உள்ள வாங்க, நல்லாக் காத்து வரும்" என்றார் அவர். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் சில வாரங்கள் என் வீட்டுக்காரர் யாரோடும் பேசவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வரும். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சின்ன வயதிலிருந்து ஒரு நாள்கூடச் சும்மா இருந்து பழகாத மனிதர். கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவதுதான் நாளில் நடக்கிற ஒரே காரியம். ஒரு நாள் துணிப்பெட்டியை வெயிலில் வைக்க எடுத்தபோது கனத்தது. வேட்டிகளுக்கு நடுவே இரட்டை லென்ஸ் கேமராவும் சில பிலிம் சுருள்களும், அதற்கும் அடியில் பிலிம் கழுவுகிற மருந்துப் பொட்டலங்களும் இருந்தன. எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"துருப்பிடிக்காம இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்" என்றார், கண்ணைப் பார்க்காமல்.

மார்கழி பிறந்ததும் அக்கா ஒரு காலையில் கொல்லைப் பக்கமாக வந்து, பூநாரை வந்துவிட்டது, போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஊருக்குத் தெற்கே, மழைக்காலத்தில் கடல் தண்ணீரும் வெள்ளத் தண்ணீரும் கலந்து தேங்கி நிற்கிற சேற்றுவெளி. தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது. மெதுவாக, நின்று நின்று, அவரை அழைத்துப் போனேன். தூரத்தில், வானம் தொடங்குகிற இடத்தில், யாரோ ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டதுபோல இருந்தது. அந்தக் கோடு நகர்ந்தது. அவர் கேமராவைத் திறந்தார். படுத்த படுக்கையிலிருந்து எழுந்து அவர் தானாகச் செய்த முதல் காரியம் அது.

எடுத்த பிலிமைக் கழுவ வேண்டுமே. அவருக்கு இருட்டறை கூடாது. அக்கா தன் வீட்டில் கருவாட்டு மூட்டை போட்டு வைத்திருந்த உள்ளறையைக் காலிசெய்து கொடுத்தார். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணியை அடைத்து, நான் உள்ளே போனேன். அவர் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்னங்கரேலென்ற இருட்டில் பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து, டெவலப்பர் தட்டில் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "நிறுத்தாத, இழு, இழு" என்று வெளியிலிருந்து அவர் குரல் வரும். பிறகு "இப்ப ஹைப்போவுல போடு" என்பார்; படத்தை அழியாமல் நிறுத்துகிற மருந்து அது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் பிலிமில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்கென்று அக்கா ஊருணித் தண்ணீர் ஒரு குடம் எடுத்து வைப்பார். குடிக்கிற தண்ணீரில் கொக்கைக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று சிரிப்பார்.

அந்த முதல் சுருளில் ஒன்றுமே இல்லை. சாம்பல் சேறு, சாம்பல் வானம், நடுவில் அரிசி நொய்யைத் தூவியதுபோல் சில புள்ளிகள். நேரில் என்னை மூச்சடைக்க வைத்த அந்த ரோஜா நிறம் எங்கே போனது? போகத்தான் செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் கறுப்பு வெள்ளையிலேயே வேலை செய்தவள். ஆனால் ஸ்டூடியோவில் எதிரே உட்கார்ந்த பெண்ணின் பட்டுச்சேலை என்ன நிறம் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கு வருவது நெகட்டிவ் மட்டும்தான். முதல்முறையாக, பொருளையும் அதன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் போனோம். நிறத்தை மறந்துவிட்டுப் பார், வெளிச்சம் எங்கே, கறுப்பு எங்கே என்று மட்டும் பார் என்று அவர் சொன்னார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நிறம் மங்கிப்போய், வெளுப்பும் கறுப்பும் மட்டும் மிஞ்சும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். அப்படிப் பார்த்தபோதுதான் பறவைகளின் உருவம் தெரிந்தது. கழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகள். கால்கள் பென்சில் கோடுகள். தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கூட்டம். பெரிய பறவைகளுக்கு நடுவே சிலது மட்டும் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவை அந்த வருஷத்துக் குஞ்சுகள், இன்னும் நிறம் ஏறவில்லை என்று அக்கா சொன்னார். கறுப்பு வெள்ளையில் அந்தக் குஞ்சுகள்தான் எடுப்பாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைச் சேலைக்காரிகள் நடுவே கறுப்புச் சட்டை போட்ட பையன் நிற்பதுபோல.

கிட்டப் போனால்தான் படம். கிட்டப் போனால் பறந்துவிடுகின்றன. அக்காவின் மாமா ஒருவர் அங்கே முளையடித்து வலை கட்டுகிறவர். அவரிடம் கேட்டு, சேற்றுவெளியின் ஓரத்தில் கீற்றுத் தட்டியால் ஒரு ஆள் குனிந்து உட்காருகிற மாதிரி சின்னக் கூடு ஒன்று கட்டினோம். கட்டியதும் யாரும் அதில் உட்காரவில்லை. பறவைகளுக்குப் பழகட்டும் என்று சும்மா விட்டு வைத்தோம். ஒரு வாரம் போனதும் அவை அதைச் சட்டை செய்யாமல் பக்கத்தில் வந்து மேயத் தொடங்கின.

யார் உட்காருவது என்பதில்தான் சண்டை வந்தது. அதிகாலைப் பனியில், ஈரச் சேற்றில், மணிக்கணக்காக அவரை உட்காரவிட நான் சம்மதிக்கவில்லை.

"ஒனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது" என்றார்.

"சொல்லுங்க, பிடிக்கிறேன்."

"சொன்னா வந்துருமா?"

"வராட்டி பிலிம்தான் போகும். நீங்க போயிட்டா நான் என்ன செய்யிறது?"

மறுநாள் காலையில் அவர் கேமராவை என் கையில் கொடுத்து, அக்கா வீட்டுக் கோழிகளைப் படம் பிடி என்றார். பிலிம் போடாமல்தான். அந்தக் கேமராவில் மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். கோழி வலப்பக்கம் ஓடினால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடும். நான் அதைத் துரத்திக் கேமராவைத் தப்பான பக்கம் திருப்ப, கோழி காணாமல் போய்விடும். கொல்லை முழுக்க நான் குனிந்தபடி சுற்றி வந்ததை அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்ததும் அன்றைக்குத்தான். அவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை.

தனியாக ஒரு பெண்ணை அங்கே அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. நானும் வாரேன் என்று வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். வெள்ளை தூரத்திலிருந்தே தெரியும் என்று நான் சொன்னதால், மேலே ஒரு பழைய சாக்கையும் போர்த்திக்கொண்டார். விடியுமுன் போய்க் கூட்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். கால் மரத்துப்போனது. கொசு. சேற்று வாடை. முதல் நாள் பறவைகள் வேறு பக்கம் மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. இரண்டாம் நாள் மேகம். அந்தக் காத்திருப்பில் அக்கா கிசுகிசுவென்று தன் கதையைச் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கணவரோடு இருந்த மாதங்களைக் கூட்டினால் இரண்டு வருஷம்கூட வராது. அவர் நல்ல மனிதர். மாதம் தவறாமல் கடிதம் போடுவார். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். ஆனால் அக்காவுக்குப் படம் எடுத்துக்கொள்ள இஷ்டமில்லை. வேற்று ஆள் கையில் தன் முகம் போவது பிடிக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று யாரிடமாவது சொல்லி எழுதிப் போடுகிறார். நான் அவரை வற்புறுத்தவில்லை.

தை மாதம் ஒரு காலையில் அவை வந்தன. முதலில் சத்தம்தான் கேட்டது, வாத்துக் கூட்டம் பேசிக்கொள்வதுபோல. கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தால் கால்கள் மட்டும் தெரிந்தன. அவ்வளவு பக்கத்தில். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கேமராவின் கண்ணாடியில் குனிந்தேன். பெரிய பறவைகள் எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அலகைத் தலைகீழாக வைத்து அரித்துக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு மட்டும் தலையைத் தூக்கி நின்றது. அதற்குப் பக்கத்தில் வலை கட்டுகிற முளைக்கம்பு ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் வெறும் தண்ணீர், காலை வெளிச்சத்தில் தகடு மாதிரி. அழுத்தினேன். அந்தச் சத்தத்துக்கு அவை பயப்படவில்லை. பிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி. சுருள் தீர்ந்துபோனது.

தீர்ந்த பிறகுதான் அவை எழுந்தன. எதைக் கண்டு என்று தெரியவில்லை. கூட்டம் முழுவதும் தண்ணீர்மேல் ஓடி, ஓட்டம் பறத்தலாக மாறி, இறக்கைக்குள்ளே மறைந்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரேயடியாக விரிந்தன. படம் எடுக்க வேண்டியது அதைத்தான். என் கையில் வெறும் கேமரா. நான் கூட்டை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தேன். அக்காவும் சாக்கை உதறிவிட்டு வந்து நின்றார். இரண்டு பேருக்கும் இடுப்புவரை சேறு.

விளக்கு வெளிச்சத்திலேயே நெகட்டிவ் அளவில் சின்னச் சின்னப் பிரிண்ட் போட்டு, அவர் கட்டில் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதிகப் பறவைகள் இருந்த படத்தைத் தொட்டு, இதுதான் என்றார். நான் அந்தக் குஞ்சு நிற்கிற படத்தைத் தொட்டேன். அதில் பறவைகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அவர் இரண்டு அட்டைகளை ஆங்கில எல் எழுத்துபோல வெட்டி, படத்தின்மேல் வைத்து நகர்த்தி, வேண்டாததை மறைத்துக் காட்டினார். தண்ணீர் முழுவதும் போயிற்று. கம்பு போயிற்று. குஞ்சும் இரண்டு பறவைகளும் சட்டம் நிறைய நின்றன.

"இப்பப் பாரு. எவ்வளவு கிட்ட வந்துருச்சு."

கிட்ட வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கல்யாண ஜோடியை நடுவில் நிறுத்தி எடுத்ததுபோல இருந்தது. நான் அட்டைகளை வாங்கி மறுபடி விரித்தேன். அவர் சுருக்கினார். நான் விரித்தேன். பாதிப் பேப்பர் வீணாகப் போகிறதே என்றார். வீணில்லை, அந்தக் குஞ்சு பார்க்கிறது அந்தத் தண்ணீரைத்தான் என்றேன். இப்படியே நாலைந்து நாள் போனது. சாப்பிடும்போதுகூட எதிரும் புதிருமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அந்த நாட்களில் எப்போது சாயங்காலக் காய்ச்சல் நின்றது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கம்பவுண்டர்தான் சொன்னார்.

மீமிசலில் அப்போது கரண்ட் இல்லை. பெரிதாக்க வேண்டுமானால் அறந்தாங்கிக்குப் போக வேண்டும். ஆவுடையார்கோவில் வழியாகப் போகிற காலை பஸ்ஸில் நெகட்டிவோடு கிளம்பினேன். எங்கள் ஸ்டூடியோவின் இருட்டறையில் என்லார்ஜர் முன்னால் அதுவரை நான் தனியாக நின்றதில்லை. முதலில் அவர் சொன்னபடி நெருக்கி ஒன்று போட்டேன். பிறகு முழுவதுமாக ஒன்று. முழுப் படத்தில் குஞ்சின் உடம்பு கறுப்பாகி, சேற்றோடு சேர்ந்து அமுங்கிவிட்டது. காகிதத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறதோ அவ்வளவு கறுக்கும். கம்பி நுனியில் பஞ்சைச் சுற்றி, வெளிச்சம் விழும்போது குஞ்சுக்கு மேலே மட்டும் ஆட்டி ஆட்டி மறைத்தேன். அடுத்த பிரிண்டில் அதன் இறக்கை மடிப்பு தெரிந்தது. வானத்துக்கு மட்டும் இரண்டு கைகளையும் குவித்து இடுக்கு வழியாக இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விட்டேன். அதுவரை வெள்ளைக் காகிதமாக இருந்த வானத்தில் மேகம் வந்தது. டெவலப்பர் தட்டில் அந்த மேகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இது நான் எடுத்த படம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கொழுந்தனார் வெளியிலிருந்து, என்ன அண்ணி என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

திரும்பி வந்து இரண்டையும் சுவரில் மாட்டினேன். இரண்டு நாள் கழித்து, நெருக்கிப் போட்ட படத்தை அவர் தானே கழற்றி வைத்துவிட்டார். "இது பறவை. அது காலை நேரம்" என்றார். பிறகு, அந்த முளைக்கம்பை மட்டும் எடுத்துவிடு, கண்ணை உறுத்துகிறது என்றார். அது என் தொழில்தானே. இன்னொரு பிரிண்டில் பிரஷ்ஷால் கம்பை அழித்துத் தண்ணீராக்கினேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குஞ்சு எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு ஆழம், எதுவுமே தெரியாமல் போயிற்று. பறவைகள் ஆகாயத்தில் மிதப்பதுபோல ஆகிவிட்டன. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கம்பு இருக்கட்டும்" என்றார். எத்தனையோ முகங்களைத் துடைத்தெடுத்த என் பென்சிலுக்கு வேலையில்லாமல் போனது அந்தப் படத்தில்தான்.

மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அதை அனுப்பினோம். சித்திரை மாத மலரில் வந்தது. பஸ் டிரைவர் கொண்டுவந்து கொடுத்த பிரதியை வாசலிலேயே பிரித்தோம். குஞ்சு இருந்தது. இரண்டு பறவைகள் இருந்தன. தண்ணீர் இல்லை, கம்பு இல்லை, மேகம் இல்லை. அவர் முதலில் அட்டையால் காட்டினாரே, ஏறத்தாழ அந்த மாதிரியே வெட்டியிருந்தார்கள். கீழே எங்கள் ஸ்டூடியோ பெயர்.

எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அச்சில் பார்த்த சந்தோஷமும் இருந்தது. அவருக்குத்தான் தாங்கவில்லை. இப்படியா வெட்டுவது, கண் இருக்கிறதா இவர்களுக்கு என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். இருமல் வரப்போகிறதே என்று நான் பயந்தேன். வரவில்லை. தான் போட்ட சட்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, நான் சொல்லிக்காட்டவில்லை.

மறு வாரம் என்னோடு அறந்தாங்கிக்கு வந்தார். இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, எங்களிடம் இருந்ததிலேயே பெரிய காகிதத்தில் முழுப் படத்தையும் போடச் சொன்னார். அதைச் சட்டமிட்டு, ஸ்டூடியோ வாசலில் கல்யாண ஜோடிகளும் குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்த கண்ணாடிப் பெட்டியின் நடுவே வைத்தார். படம் எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இது எந்த ஊர் ஏரி என்று கேட்டவர்களிடம், நம்ம மீமிசல்தான் என்றபோது நம்பவில்லை. யார் எடுத்தது என்று கேட்டால், "எங்க வீட்ல எடுத்தாங்க" என்பார். என்னைக் குறித்து அவர் மரியாதையாகப் பேசிக் கேட்டது எனக்குப் புதிது.

அக்காவுக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இன்னொன்று வேண்டும், பினாங்குக்கு அனுப்ப என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"போட்டோ, போட்டோன்னு அவுக கேட்டுக்கிட்டே இருக்காகள்ல. இதை அனுப்புறேன். இது எடுக்கும்போது நானும் அங்கதான் உக்காந்திருந்தேன், நான் பார்த்ததை நீங்களும் பாருங்கன்னு எழுதிப்போடு."

எழுதினேன். கூட்டுக்குள் அக்கா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், குஞ்சு எவ்வளவு தூரத்தில் நின்றது, அவர் என் கையைப் பிடித்தது எல்லாவற்றையும் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த மனிதர் அதைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தாராம். அடுத்த மார்கழியில் அவரே வந்து சேர்ந்தார். பறவை வருகிற மாதமாகப் பார்த்துக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அக்கா அவரைச் சேற்றுவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கூடப் போகவில்லை.

அதற்குள் டாக்டர், முழுக்கக் குணம், இனி எந்த வேலையும் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். நாங்கள் அறந்தாங்கிக்குத் திரும்பினோம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் மீமிசலுக்கும் கட்டுமாவடிக்கும் போவது வழக்கமாகிவிட்டது. கூட்டுக்குள் நான், வெளியே பனைமரத்தடியில் பிளாஸ்கோடு அவர். கூழைக்கடா, ஆலா, உள்ளான் என்று பறவைகள், சேற்றில் கோலம் போடுகிற நண்டு. வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் தேறும். மற்றதையெல்லாம் நாங்களே கழித்துவிடுவோம். எதைக் கழிப்பது என்பதில் சண்டை ஓயவில்லை. இருட்டறையில் இப்போது இரண்டு பேரும் நின்றோம். பஞ்சுக் கம்பியை யார் பிடிப்பது என்பதில்கூட வாக்குவாதம் வரும். மூத்த பெண் பிறந்த வருஷம் மட்டும் போகவில்லை.

அறுபத்து நாலிலோ ஐந்திலோ ஆவுடையார்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து சயன்ஸ் டீச்சர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, வகுப்பில் மாட்ட அந்தப் பறவைப் படங்கள் கிடைக்குமா என்று கேட்டார். ஏழெட்டுப் படங்கள் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் பூநாரைப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கடலோரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் அது ரோஸ் கலர் என்கிறார்களாம். உள்ளூர்ப் பிள்ளைகள் வெள்ளை என்கிறார்களாம். வகுப்பில் ஒரே சண்டை. டீச்சரும் அதை நேரில் பார்த்ததில்லை. கல்யாணப் படங்களுக்குக் கையால் கலர் பூசிக் கொடுக்கிறீர்களே, இதற்கும் பூசிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் கலர்ப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரோஸ் கலர் குப்பி நிறையத்தான் இருந்தது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் பூசுகிற ரோஸ்.

"இன்னும் பத்து நாள்ல பறவையே வந்துரும் டீச்சர்" என்றேன். "மீமிசலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்களேன்."

தை மாதம் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். பாதிப் பேர் செருப்பில்லாமல், எல்லோர் கையிலும் தூக்குவாளி. அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் பலகாரம் செய்து வைத்திருந்தார். சத்தம் போடாமல் வரிசையாக நடக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். அவரேதான் முதலில் சத்தம் போட்டார், கூட்டத்தைக் கண்டதும். வெள்ளை என்று சொன்ன பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். பிறகு அதில் ஒரு பெண், கறுப்பாக இருக்கிறதே அது என்ன என்று கேட்டாள். குஞ்சு என்றேன். அது எப்போது ரோஸ் ஆகும் என்று கேட்டாள். இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று அக்கா சொன்னார்.

அப்படியானால் இரண்டு வருஷம் கழித்து வந்து பார்க்க வேண்டும் என்று அவள் டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் சரி என்றார்.